மேஜர் ஆர்ம்ஸ்ட்ராங்: ஓர் உரிமைப் போரின் வரலாறு

புதிதாக ஒரு பொருளைக் கண்டுபிடித்தவரை உலகம் கொண்டாடுகிறது. ஏற்கெனவே உள்ள பொருளைச் சீர்ப்படுத்தியவருக்கு அத்தகைய மதிப்பு கிடைப்பதில்லை. பிறர் கட்டிய வீட்டுக்கு வெள்ளையடித்தவர் என்ற அளவில் அவரை ஒதுக்கிவிடுவதே ஜனங்களின் வழக்கம். ஸயன்ஸின் சரித்திரத்தை ஊன்றிப் படிப்போர்க்கு இது பெருந்தவறு என்பது விளங்கும். பல சமயங்களில், முதலில் செய்தவருக்கே தாம் செய்தது இன்னதென்று தெரிந்திருக்காது. பின்னால் வந்தவர் அதன் தத்துவத்தை அறிந்து திருத்திய பிறகே அது உலகத்துக்குப் பயன்பட்டிருக்கும். அப்படியானால் உரிமை யாருக்கு? சட்டம் யாருக்கு அதை வழங்கும்? இக்கேள்விகளுக்காகவே தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டு, முடிவில் உயிரையும் விட்டவர் அமெரிக்க ரேடியோ மேதை எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். அவருடைய சரித்திரம் நம்மவர் அறிய வேண்டியதொன்று.

ஆர்ம்ஸ்ட்ராங் 1890ம் வருஷம் டிசம்பர் 18ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலைப் பிரசுராலயத்தின் அமெரிக்கக் கிளையில் உத்தியோகம் பார்த்தவர். தாய் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். சிறு வயதில் நரம்பு வியாதி ஒன்று கண்டு, பிள்ளை சிலகாலம் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படிக்க நேர்ந்தது. பிறகு குடும்பம் ஹட்ஸன் நதிக்கரையிலுள்ள யாங்கர்ஸ் என்ற ஊரில் குடியேறிற்று. அக்காலத்தில் மார்க்கோனியின் புகழ் எங்கும் பரவியிருந்தது. கம்பியில்லாத் தந்தியில் மோகங்கொண்ட பையன், வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயரமுள்ள கம்பத்தைத் தன் கையாலேயே நாட்டி, தூரத்துச் செய்திகளைக் கேட்கத் தொடங்கினான். 1909ல் கொலம்பியா சர்வகலாசாலையில் மின்சார எஞ்சினீயரிங் பயிலச் சேர்ந்தான். அங்கே பேராசிரியர் மைக்கேல் பியூபின் இருந்தது அவனுக்கு வாய்த்த பெரும் பாக்கியம்.

அந்நாளில் ரேடியோவின் நிலை என்ன என்பதை இங்கே சற்றுச் சொல்ல வேண்டும். 1904ல் இங்கிலாந்தில் ஜான் அம்புரோஸ் பிளெமிங் என்பவர், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் காய்ந்த இழையொன்றையும் உலோகத் தகடொன்றையும் வைத்து ஒரு வால்வைச் செய்து பேடண்டுப் பெற்றார். இழையிலிருந்து தகட்டுக்கு எலெக்ட்ரான்கள் ஒரே திசையில் ஓடும்; அதனால் ரேடியோ அலையை அறிய முடிந்தது. இந்தக் குமிழுக்கும் மூலமாக எடிஸன் விளக்குகளில் முன்பே கவனித்த விஷயம் ஒன்று இருந்தது. பிறகு அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் என்பவர் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே சிறு கம்பிவலை ஒன்றைச் சேர்த்தார். அதற்கு ஆடியன் என்று பெயரிட்டு 1908ல் பேடண்டுப் பெற்றார். வலையில் படும் சொற்ப மின்சாரம், தகட்டுக்கு ஓடும் பெரிய மின்சாரத்தை அடக்கி ஆளும். மதகின் பலகையைச் சிறு கை அசைத்தால் வாய்க்கால் நீர் முழுவதும் அதற்குக் கட்டுப்படுவதைப் போன்றது இது.

ஆக, எடிஸன் கண்டதைப் பிளெமிங் திருத்தினார். பிளெமிங் செய்ததை டி பாரஸ்ட் திருத்தினார். இத்தகைய திருத்தங்களில் சட்டத்தின் போக்கு விசித்திரமானது. திருத்தியவருக்குத் திருத்தத்தின் மீது உரிமை உண்டு. ஆனால் மூலப் பொருளின் சொந்தக்காரர் அனுமதியின்றி அவர் அதைச் செய்து விற்க முடியாது. மூலச் சொந்தக்காரரோ திருத்தத்தைத் தொட முடியாது. 1916ல் ஓர் அமெரிக்கக் கோர்ட்டு இப்படியே தீர்ப்புச் சொல்லிற்று. பிளெமிங்கின் உரிமையை டி பாரஸ்டும், டி பாரஸ்டின் உரிமையை மார்க்கோனிக் கம்பெனியும் மீறியதாக முடிவாயிற்று. மூன்று உறுப்புள்ள வால்வை ஒருவர் சம்மதமின்றி மற்றவர் செய்யலாகாது என்ற நிலை ஏற்பட்டது. பிளெமிங்கின் அமெரிக்கப் பேடண்டே செல்லாது என்று 1943ல் அந்நாட்டு ஸுப்ரீம் கோர்ட்டு தீர்மானித்தது தனிக் கதை.

ஆடியனைச் செய்த டி பாரஸ்டுக்கு அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது சரியாகத் தெரியாது. குமிழுக்குள் எஞ்சி நிற்கும் வாயுவினாலேயே அது இயங்குவதாக அவர் நம்பினார். அது ரேடியோ அலையை அறியும் கருவியாகப் பயன்பட்டதேயன்றி, அதற்குள் மறைந்திருந்த சக்தியை ஒருவரும் வெளிக்கொணரவில்லை. இருபத்தொரு வயது மாணவரான ஆர்ம்ஸ்ட்ராங் அந்தக் குமிழைக் கையில் எடுத்துக்கொண்டு, அதில் ஓடும் மின்சாரத்தை ஒவ்வோர் இடத்திலும் அளந்து பார்த்தார். 1912ல் அவருக்கு உண்மை புலப்பட்டது. தகட்டுப் பக்கத்தில் வெளிப்படும் மின்சாரத்தில் ஒரு பகுதியைத் திருப்பி வலைக்கே ஊட்டினார். அது மறுபடி பெருகி வெளிவந்தது, மறுபடியும் ஊட்டப்பட்டது. ஊஞ்சல் முன்னே செல்லும் தருணம் பார்த்துச் சிறிது சிறிதாகத் தள்ளினால் அது மேன்மேலும் உயர்வதில்லையா? அதுபோலவே காதில் விழாத ஈனஸ்வரம் அறை முழுதும் கேட்கும் தொனியாயிற்று. அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து வந்த செய்திகள் யாங்கர்ஸ் மாடியறையில் கணீரென்று கேட்டன.

அதற்கு மேலும் ஓர் ஆச்சரியம் இருந்தது. ஊட்டும் அளவு ஒரு எல்லையைத் தாண்டியவுடன், குமிழ் கேட்பதை விட்டுத் தானே ரேடியோ அலைகளை உண்டாக்கத் தொடங்கியது. ஆகவே ஒரே சிறு குமிழ் செய்தியை வாங்கும் கருவியாகவும் அனுப்பும் கருவியாகவும் ஆகிவிட்டது. பிற்காலத்தில் உலகெங்கும் எழுந்த ஒலிபரப்பு நிலையங்களுக்கெல்லாம் இதுவே அஸ்திவாரம்.

உடனே பேடண்டுக்கு மனுச் செய்ய ஆர்ம்ஸ்ட்ராங் விரும்பினார். கையில் பணமில்லை. படிப்பை முடித்துப் பட்டம் வாங்கிய பிறகே உதவுவதாகத் தந்தை சொல்லிவிட்டார். ஆகவே தம் கருவியின் படத்தை வரைந்து, 1913ம் வருஷம் ஜனவரி 31ந் தேதி, அத்தாட்சி அதிகாரி ஒருவர் முன்னிலையில் கையெழுத்தும் முத்திரையும் பெற்று வைத்துக்கொண்டார். இந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். அவ்வருஷமே பட்டம் பெற்று, அக்டோபர் 29ந் தேதி மனுவைச் சமர்ப்பித்தார். 1914 அக்டோபர் 6ந் தேதி பேடண்டுக் கிடைத்தது. ஆனால் அந்தப் பத்திரத்தில் ஒரு குறை இருந்தது. ஒலியைப் பெருக்கும் விஷயமே அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. குமிழ் தானே அலையை உண்டாக்கும் விஷயத்துக்கு வேறொரு மனு தனியே பிறகு செய்யப்பட்டது. ஒரு கண்டுபிடிப்பை இரண்டு காகிதங்களில் பிரித்து எழுதிய இந்தச் சிறு காரியம் பின்னால் பெரும் அனர்த்தத்துக்கு இடங்கொடுத்தது.

டி பாரஸ்ட் 1912ல் கலிபோர்னியாவில் ஒரு தந்திக் கம்பெனியில் வேலை பார்த்து வந்தார். அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் டெலிபோன் ஒலிபெருக்கி ஒன்றைப் பரிசோதித்தபோது அது ஊளையிட்டதாக அங்கே குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தது. அப்பொழுது அந்த ஊளை ஒரு தொல்லையாகக் கருதப்பட்டு, அதை நீக்கவே வழி தேடப்பட்டது. ஆர்ம்ஸ்ட்ராங்கின் கருவி புகழ்பெற்ற பிறகு, அந்தக் குறிப்பையே ஆதாரமாகக் காட்டித் தாமே முதல்வர் என்று டி பாரஸ்ட் உரிமை கொண்டாடினார். அவருடைய உரிமைகளைப் பெரிய டெலிபோன் கம்பெனி விலைக்கு வாங்கியிருந்தது. ஆகவே வழக்கில் அவருக்குப் பின்பலம் மிகுந்திருந்தது. ஜெர்மனியில் மைஸ்னரும், அமெரிக்காவிலேயே லாங்மூரும் இதே முறைக்கு உரிமை கோரினார்கள். காலம் கனிந்தபோது பலர் மனத்தில் ஒரே எண்ணம் உதிப்பது ஸயன்ஸில் சகஜம்.

இதற்குள் முதல் மகாயுத்தத்தில் அமெரிக்கா பிரவேசித்தது. ஆர்ம்ஸ்ட்ராங் ராணுவச் செய்திப் படையில் அதிகாரியாகிப் பாரிஸுக்குச் சென்றார். அங்கே 1918ல் ஸூப்பர்ஹெட்டிரோடைன் என்ற முறையை உருவாக்கினார். வரும் அலையோடு கருவிக்குள்ளேயே உண்டாக்கிய வேறோர் அலையைக் கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான மூன்றாவது அலையாக மாற்றி, அதைச் சௌகரியமாகப் பெருக்கிக்கொள்வதே அதன் தத்துவம். இரண்டு அலைகளைக் கலக்கும் யோசனை பெஸ்ஸெண்டன் என்பவருடையது. அதைப் பயனுள்ளதாக்கியது ஆர்ம்ஸ்ட்ராங்கின் திறமை. பல பத்தாண்டுகள் வீடுகளில் இருந்த ரேடியோப் பெட்டிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த முறையிலேயே இயங்கின. பிரெஞ்சு அரசாங்கம் அவருக்கு லீஜியன் ஆப் ஆனர் பட்டம் அளித்தது. அவர் மேஜர் பதவியுடன் நாடு திரும்பினார். ஆனால் இதே முறைக்குப் பிரான்ஸில் லூஸியன் லெவி முன்பே மனுச் செய்திருந்தபடியால், இந்தப் பேடண்டின் முக்கிய பாகங்களும் பின்னால் அமெரிக்காவில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் கையைவிட்டுப் போயின.

1920ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இவ்விரண்டு பேடண்டுகளையும் 3,35,000 டாலருக்கு வாங்கிற்று. 1922ல் வேறொரு திருத்தத்துக்காக அமெரிக்க ரேடியோ கார்ப்பரேஷன் இரண்டு லட்சம் டாலரும் 60,000 பங்குகளும் கொடுத்தது. இளம் வயதிலேயே ஆர்ம்ஸ்ட்ராங் கோடீசுவரர் வரிசையில் சேர்ந்துவிட்டார். அந்தக் கார்ப்பரேஷனின் தலைமை அதிகாரி டேவிட் ஸார்னாப் அவருக்கு நெருங்கிய நண்பர். ஸார்னாபின் காரியதரிசியாயிருந்த மேரியன் மக்கின்னிஸ் என்ற பெண்மணியை 1923ல் அவர் மணந்துகொண்டார். இத்தனை செல்வமும் சுகமும் வந்த பிறகும் சர்வகலாசாலை ஆராய்ச்சிச் சாலையை விட்டு அவர் விலகவில்லை.

வழக்கோ ஓயவில்லை. 1921ல் ஜில்லாக் கோர்ட்டிலும் 1922ல் அப்பீலிலும் ஆர்ம்ஸ்ட்ராங்கே வென்றார். வென்ற சமயத்தில் சமரசமாய்ப் போயிருந்தால் விவகாரம் அங்கேயே முடிந்திருக்கக்கூடும். விட்டுக்கொடுக்கும் சுபாவம் அவருக்கில்லை. டி பாரஸ்ட் வேறு கோர்ட்டை நாடினார். 1924ல் தலைநகரக் கோர்ட்டு அவருக்குச் சாதகமாகச் சொல்லவே, அவர் பெயரில் புதிய பேடண்டு வழங்கப்பட்டது. 1928ல் ஸுப்ரீம் கோர்ட்டு அதை ஊர்ஜிதம் செய்தது. மீண்டும் வழக்கு எழுந்து, 1933ல் ஓர் அப்பீல் கோர்ட்டு ஆர்ம்ஸ்ட்ராங் பக்கம் திரும்பியது. கடைசியாக 1934 மே மாதத்தில் ஸுப்ரீம் கோர்ட்டு டி பாரஸ்டுக்கே உரிமை என்று முடித்துவிட்டது. முன்பே தீர்மானமான முதன்மையை, ஐயத்துக்கிடமற்ற சாட்சியமின்றி மாற்றலாகாது என்பது நீதிபதி கார்டோஸோ எழுதிய தீர்ப்பின் சாரம்.

இதில் யாருக்கு லாபம் என்று கேட்பது அவசியம். அப்போதிருந்த சட்டப்படி பேடண்டு பதினேழு வருஷம் செல்லும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் 1914ம் வருஷத்துப் பேடண்டு 1931லேயே காலாவதியாகிவிட்டது. அவரே முதல்வர் என்று முடிவாகியிருந்தால், அந்த முறை அப்பொழுதே சகலருக்கும் பொதுவாகியிருக்கும். டி பாரஸ்டின் பேடண்டு 1924ல் கொடுக்கப்பட்டபடியால் 1941 வரை அதன் ஆயுள் நீண்டது. பெரிய கம்பெனிகள் தமக்குள் செய்துகொண்ட பரிவர்த்தனை ஒப்பந்தங்களால் இரண்டு பேடண்டுகளும் ரேடியோ கார்ப்பரேஷனின் ஆதிக்கத்துக்குள்ளேயே இருந்தன. எவர் தோற்றாலும் அதற்கு நஷ்டமில்லை. டி பாரஸ்ட் வென்றால் பத்து வருஷ ஏகபோகம் மிச்சம். கடைசி வழக்கில் சிறு கம்பெனி ஒன்றின் எதிர்வாதத்தை ஆர்ம்ஸ்ட்ராங் தம் பணத்தைக் கொண்டு நடத்தினார். அவருடைய சொந்தப் பேடண்டு முன்பே முடிந்துவிட்டபடியால், வென்றிருந்தாலும் அவருக்கு அதிலிருந்து ஒரு காசு வரப்போவதில்லை. அவர் வேண்டியது உண்மை நிலைபெறுவது ஒன்றே.

தீர்ப்புக்குப் பிறகு அதே மாதத்தில் பிலடெல்பியாவில் ரேடியோ எஞ்சினீயர்கள் சங்கம் கூடிற்று. முன்பு தமக்கு அச்சங்கம் அளித்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட ஆர்ம்ஸ்ட்ராங் அங்கே சென்றார். நாட்டின் உச்ச நியாயஸ்தலம் தம்மைக் கண்டுபிடித்தவரல்லர் என்று சொல்லிவிட்டபின் அதை வைத்துக்கொள்வது முறையன்று என்பது அவர் எண்ணம். சங்கத் தலைவர் அதை ஏற்க மறுத்து, அளித்தது அளித்ததேயென்று சபையறியத் தெரிவித்தார். கூடியிருந்த எஞ்சினீயர்கள் ஆரவாரம் செய்தார்கள். விஷயம் அறிந்தவர்களின் தீர்ப்பு ஒன்று, சட்டத்தின் தீர்ப்பு வேறொன்று என்பதை அன்று உலகம் கண்டது.

அப்பொழுதே அவர் கையில் இன்னும் பெரியதொரு கண்டுபிடிப்பு தயாராயிருந்தது. இடி மின்னல் முதலியவற்றால் ரேடியோவில் எழும் இரைச்சலை ஒழிக்கும் வழியை அவர் வெகுகாலமாகத் தேடிவந்தார். அலையின் உயரத்தை மாற்றிப் பேச்சையும் பாட்டையும் ஏற்றுவது அன்றைய வழக்கம். இடியின் இரைச்சலும் உயரத்தையே மாற்றுவதால் இரண்டையும் பிரிக்க முடிவதில்லை. உயரத்தை அப்படியே வைத்து, விநாடிக்கு எத்தனை துடிப்பு என்ற எண்ணிக்கையை மாற்றினால் என்ன? இந்த யோசனையும் புதிதன்று. ஆனால் அதனால் நன்மையில்லை என்று கார்ஸன் என்ற கணித நிபுணர் 1922ல் எழுதியிருந்தார். குறுகிய அளவில் துடிப்பை மாற்றுவதைப் பற்றியே அவருடைய கணக்கு. ஆர்ம்ஸ்ட்ராங் மிக விரிந்த அளவில் மாற்றிப் பார்த்தார், இரைச்சல் அடங்கிற்று. 1933ம் வருஷம் டிசம்பர் 26ந் தேதி இதற்குப் பேடண்டுகள் பெற்றார். இதுவே இன்று எப்.எம். என்று வழங்குவது. பிறர் பயனற்றதென்று தள்ளியதை எடுத்துச் சீர்ப்படுத்தியதில் அவருடைய மேதை மூன்றாம் முறையும் விளங்கியது.

1934ல் எம்பயர் ஸ்டேட் மாளிகையின் உச்சியிலிருந்து ரேடியோ கார்ப்பரேஷன் இடமளித்துப் பரீட்சை நடந்தது, வெற்றி பெற்றது. ஆனால் இந்தப் புதுமுறை பரவினால், பழைய முறையில் போட்ட முதல் எல்லாம் என்னாவது? கார்ப்பரேஷனின் கவனமோ டெலிவிஷன் மீது இருந்தது. 1935ல் இடத்தைக் காலி செய்யும்படி சொல்லிவிட்டார்கள். ஆர்ம்ஸ்ட்ராங் சளைக்கவில்லை. நியூஜெர்ஸியில் ஆல்பைன் என்ற இடத்தில் தம் சொந்தப் பணத்தில் நானூறு அடிக்கு மேற்பட்ட கோபுரம் எழுப்பி, 1939ல் ஒலிபரப்பத் தொடங்கினார். ஜனங்கள் கேட்டார்கள், வேறு கம்பெனிகள் அனுமதி பெற்றுத் தொகை செலுத்தின. 1940ல் ரேடியோ கார்ப்பரேஷன் பத்து லட்சம் டாலர் மொத்தமாகக் கொடுத்து, மேற்கொண்டு பங்கு எதுவுமின்றி உரிமை கேட்டது. மற்றவர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் பங்கு கொடுக்கையில் இவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு ஏன் என்று ஆர்ம்ஸ்ட்ராங் மறுத்துவிட்டார். இரண்டாவது மகாயுத்தம் வந்தபோது, ராணுவத்துக்கு வேண்டிய மட்டும் தம் பேடண்டுகளைப் பங்கு வாங்காமலே பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தார்.

யுத்தம் முடிந்த 1945ல் எப்.எம். அலைவரிசையை அரசாங்கக் கமிஷன் அடியோடு வேறிடத்துக்கு மாற்றியது. ஏற்கெனவே விற்ற லட்சக்கணக்கான பெட்டிகள் ஒரே உத்தரவில் உபயோகமற்றுப் போயின. டெலிவிஷன் பெட்டிகளில் ஒலிக்கு எப்.எம். முறையே கையாளப்பட்டும், ரேடியோ கார்ப்பரேஷன் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. 1948 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்குத் தொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீல்கள் சாட்சி விசாரணையை வருஷக்கணக்கில் நீட்டினார்கள். 1950 முடிவில் பேடண்டுகளின் பதினேழு வருஷமும் தீர்ந்தது, வருமானம் நின்றது, செல்வம் கரைந்தது, உடல் தளர்ந்தது. கடைசியில் மனைவியோடும் மனஸ்தாபம் உண்டாகி அவரும் பிரிந்து சென்றார். 1954ம் வருஷம் ஜனவரி 31ந் தேதி இரவு, நியூயார்க்கில் தம் இல்லத்தில் தனித்திருந்த ஆர்ம்ஸ்ட்ராங் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மாணவராயிருந்த நாளில் தம் முதல் படத்துக்கு முத்திரை பெற்ற அதே தேதி; நடுவே சரியாக நாற்பத்தொரு வருஷங்கள்.

மேரியன் அம்மாள் கணவர் விட்ட போரை விடவில்லை. 1954லேயே ரேடியோ கார்ப்பரேஷன் பத்து லட்சம் டாலருக்குச் சற்று அதிகமாகக் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 1940ல் தானாகக் கொடுக்க முன்வந்த தொகைக்கு இது ஏறக்குறைய ஈடு. மற்றக் கம்பெனிகள் மீதும் ஒவ்வொன்றாக வழக்கு நடந்தது. கடைசி வழக்கு மோட்டரோலாவின் மீது. அதுவும் 1967ல் அம்மாளுக்கே ஜயமாக முடிந்தது. எப்.எம். யாருடையது என்பது சட்டப்படியும் நிலைநாட்டப்பட்டது. அதைக் கேட்க அவர் இல்லை. பத்து வருஷம் கழித்து, 1977ம் வருஷம் ஜூலை 23ந் தேதி, இந்தியாவின் முதல் எப்.எம். ஒலிபரப்பு சென்னையிலிருந்து தொடங்கிற்று. தமிழ்நாட்டில் வீட்டிலும் கடையிலும் வண்டியிலும் இரைச்சலின்றி ஒலிக்கும் பாட்டுக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இச்சரித்திரத்திலிருந்து நாம் அறிய வேண்டியவை சில உண்டு. கண்டுபிடிப்பின் இரகசியத்தை ஜனங்களுக்கு வெளிப்படுத்துகிறவனுக்கு, சில வருஷங்கள் அதன் பலனைத் தனியே அனுபவிக்கும் உரிமையை அரசாங்கம் அளிக்கிறது. பேடண்டு என்பதன் பொருள் இதுவே. இது நியாயமான உடன்படிக்கைதான். ஆனால் அந்த உரிமையைக் காக்கும் பாரம் முழுவதும் உரியவன் தலையில் விழுகிறது. கம்பெனிக்கு மரணமில்லை, வழக்கை ஒரு தலைமுறை நீட்டினாலும் அதற்குக் கவலையில்லை. தனி மனிதனுக்கு வருஷங்கள் எண்ணப்பட்டவை. பதினேழு வருஷ உரிமையில் பெரும்பகுதியைக் கோர்ட்டு வாசலில் கழிக்க நேர்ந்தால், அந்த உரிமை காகிதத்தில் மட்டுமே இருக்கும். விரைவில் நியாயம் கிடைக்கச் செய்யாத சட்டம், வலியவன் பக்கமே சாய்கிறது என்று சொல்வதில் தவறில்லை.

கண்டுபிடிப்போர்க்கும் இதில் எச்சரிக்கை உண்டு. செய்ததை அன்றன்றே தேதியிட்டு எழுதிச் சாட்சி பெற்று வைக்க வேண்டும். ஒரு திருத்தத்தால் விளையும் பயன்களில் ஒன்றைக்கூட விடாமல் மனுவில் சேர்க்க வேண்டும். வென்ற காலத்தில் வழக்கை முடித்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். ஆர்ம்ஸ்ட்ராங்கின் பிடிவாதமே அவருக்குப் பகையாயிற்று என்பாரும் உளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாதவராயிருந்தால், பயனில்லை என்று கணிதம் தள்ளிய வழியில் அவர் இறங்கியிருக்கவும் மாட்டார். ஊளைச் சத்தத்தைக் கேட்டுத் தொல்லையென்று நீக்க முயன்றவர் பெயர் தீர்ப்பில் நிற்கிறது. அச்சத்தம் ஏன் எழுகிறது என்று அளந்தறிந்தவர் பெயரை எஞ்சினீயர்கள் மறக்கவில்லை. உரிமைப் பத்திரம் ஒருவருக்குப் போகலாம். அறிவினால் ஒரு பொருளை ஆண்டவர் எவரோ அவரையே அதன் கர்த்தாவாக மதிப்பது நம் கடமை.